பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர்: மலையேறுவோர் வானிலை அறிக்கையை வாசிக்க வேண்டிய விதம்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நாம் மலை என்று அழைப்பவை பெரும்பாலும் வயலுக்கும் காட்டுக்கும் நடுவே தனித்து எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகளே. குடும்பிமலை, தாந்தாமலை, குடும்பிகல எல்லாம் அப்படிப்பட்டவை. ஒரு காலைப் பொழுதில் ஏறி இறங்கிவிடலாம் என்பதால், வருகிறவர்கள் வெயிலையும் குடிநீரையும் யானையையும் பற்றி விசாரிக்கிறார்கள். இடியைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் சுற்றுவட்டாரத்தில் வேறு உயரமான எதுவும் இல்லாத மொட்டைப் பாறையின் உச்சியில் நிற்பவருக்கு, அந்தப் பாறை எத்தனை மீற்றர் உயரம் என்பது பொருட்டல்ல. மின்னலுக்கு அவரே உயர்ந்த முனை. இக்குன்றுகளுக்குக் குழுக்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டி என்ற வகையில், புறப்படும் முன் வானிலை அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

மாரியில் மலைக்கு வருபவர்கள் அரிது. பாதையே வெள்ளத்தில் கிடக்கும். ஆபத்து கோடையில்தான் ஒளிந்திருக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் முதலாம் இடைப்பருவக் காலம், அதாவது இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். நாட்டில் இடி மின்னல் மிகுந்த காலங்களுள் ஒன்று. ஏப்ரல் 5 முதல் 14 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நகர்கிறது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் அதே நாட்களில் வருவதால், இளைஞர் கூட்டம் மலைக்குக் கிளம்புவதும் அப்போதுதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, நம் பக்கம் கச்சான் எனப்படும் வறண்ட காற்றாக வந்து சேர்கிறது. காலையிலிருந்து வானம் வெளுத்துக் கிடக்கும். மதியத்துக்குப் பின் கடற்காற்று உள்ளே புகுந்து கச்சானை எதிர்கொள்ளும்போது, இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஈரக்காற்று மேலே தள்ளப்பட்டு, ஓரிரு மணி நேரத்துக்குள் இடிமேகம் எழுந்துவிடும். அந்தக் கோடு கரையை விட்டு உள்ளே, நம்முடைய குன்றுகள் இருக்கும் பக்கமாக அமைவது வழக்கம். தாந்தாமலைத் திருவிழா நடக்கும் ஆடி மாதமும் இதற்குள் அடங்கும்.

வளிமண்டலவியல் திணைக்களம் அதிகாலையில் வெளியிடும் அறிக்கையில், ஊவா மாகாணத்திலும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலும் பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் சில இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம் என்ற பொருள்பட ஒரு வாக்கியம் இக்காலங்களில் அடிக்கடி வரும். அடிக்கடி வருவதனாலேயே அது காதில் ஏறுவதில்லை. அந்த வாக்கியத்தில் இரண்டு சொற்றொடர்களை நிறுத்தி வாசிக்க வேண்டும். “சில இடங்களில்” என்பது பரப்பைக் குறிக்கிறது; இடி இலேசாக இருக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. மழை விழாத ஊர்கள் பல இருக்கலாம், ஆனால் விழுகிற ஊரில் முழு வேகத்தோடு விழும். “2.00 மணிக்குப் பின்னர்” என்பதைப் பலர் இரண்டு மணி வரைக்கும் உச்சியில் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதைப் பின்னோக்கிக் கணக்கிடுவேன்: மேகம் ஒரு மணி நேரம் முந்தி எழலாம், களைத்த கால்களோடு இறங்க ஒரு மணி நேரம் தேவை, ஆகவே பன்னிரண்டு மணிக்கு உச்சியில் ஒருவரும் இருக்கக் கூடாது. அறிக்கையில் “பிற்பகல்” என்று மட்டும் இருந்தால் இன்னும் ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொள்வேன்.

கைப்பேசிச் செயலிகளை நம்பி வருபவர்கள் மட்டக்களப்பு என்று தட்டி, சூரியன் படத்தைக் காட்டுவார்கள். அந்தப் படம் கரையோர நகரத்துக்கு உரியது. திணைக்களத்தின் அவதானிப்பு நிலையங்களில் மட்டக்களப்பும் பொத்துவிலும் கரையிலேயே இருக்கின்றன. குடும்பிமலைப் பக்கத்து வானம் வேறு. செயலியில் மலை இருக்கும் இடத்தையே வரைபடத்தில் தொட்டுப் பாருங்கள். அப்படிப் பார்த்தாலும், உலகளாவிய கணினி மாதிரிகள் நிலத்தை ஏறத்தாழ 9 முதல் 25 கிலோமீற்றர் அகலமான கட்டங்களாகப் பிரித்தே கணிக்கின்றன. ஓர் இடிமேகமோ அந்தக் கட்டத்துக்குள்ளேயே தோன்றி, ஒரு மணி நேரத்துக்குள் கரைந்துவிடக் கூடியது. ஆகையால் செயலி சொல்லும் இடத்தையும் மணியையும் அப்படியே எடுக்காமல், இன்றைய வானம் எந்த வகையானது என்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும். 30 வீதம் என்று பார்த்ததும் “பெய்யாது” என முடிவு கட்டுவதும், 2 மில்லிமீற்றர் என்று பார்த்ததும் “தூறல்தான்” என்று தேறுவதும் தவறு. மழையின் அளவு மின்னலின் அளவைச் சொல்லாது. அந்த மணி நேரத்துக்கு எதிரே இடிக்குறி இருக்கிறதா என்பதே கேள்வி. முதல் நாள் இரவு ஒரு முறை, விடியற்காலையில் திணைக்கள அறிக்கை வந்த பின் ஒரு முறை, வாகனத்தை விட்டு இறங்கும் முன் செயற்கைக்கோள் படத்தை ஒரு முறை பார்ப்பேன். அதற்கப்பால் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

சிக்னல் போன பிறகு பார்க்க வேண்டியது மேற்கு வானம். பத்து மணியளவில் வெள்ளை மேகங்கள் அகலமாகவும் தட்டையாகவும் கிடந்தால் ஏறலாம். அவை அகலத்தை விட உயரமாக, பூக்கோவாவைப் போல் திரண்ட விளிம்புகளோடு வளரத் தொடங்கினால், அறிக்கை சொன்ன நேரத்துக்கு முன்பே நாள் முதிர்கிறது என்று கொள்க. அந்தக் கூரிய விளிம்பு மங்கி, உச்சி தட்டையாகப் பரவினால் அது ஏற்கெனவே இடிமேகம். மாதவனை, மயிலத்தமடுப் பக்கம் மாடு மேய்ப்பவர்களை வழியில் கண்டால் நான் நின்று கேட்பதுண்டு. கச்சான் நின்றுபோய்ப் புழுக்கம் ஏறும் நேரத்தை அவர்கள் எந்தச் செயலியையும் விடச் சரியாகச் சொல்வார்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் குழுக்கள் சிக்கிக்கொள்வது புறப்படும் நேரத்தினால். கல்முனையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ வான் வாகனத்தில் கிளம்பி, வழியில் தேநீர், படம் எடுத்தல் என்று தாமதித்து, பத்தரைக்கு அடிவாரத்தில் இறங்குகிறார்கள். சாப்பாட்டுப் பார்சலை உச்சியில்தான் பிரிக்க வேண்டும் என்பது அவர்களது ஆசை. “அண்ணா, வெயில் இப்படிக் கொளுத்துது, எங்க மழை வரப்போகுது?” என்பார்கள். அந்த வெயில்தான் மேகத்தை எழுப்புகிறது என்று விளக்கி, இடிக்குறி உள்ள நாளில் பார்சலை அடிவாரத்திலேயே பிரிக்க வைப்பேன். மனவருத்தம் வரும், வந்தாலும் பரவாயில்லை. இன்னொன்றும் உண்டு: மழைக்கு ஒதுங்கித் தாமதித்தால் இறக்கம் மாலை மங்கும் நேரத்துக்குத் தள்ளிப்போகும், அது யானைகள் வெளியே வரும் நேரம்.

முழக்கம் காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தூரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். ஒளிக்கும் ஒலிக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர் என்பது கணக்கு. 30 விநாடிக்குக் குறைந்தால் உடனே இறங்க வேண்டும், கடைசி முழக்கத்துக்குப் பின் 30 நிமிடம் கழியும் வரை மீண்டும் ஏறக் கூடாது. தனிமரம், வயற்பரண், இரும்புக் கைப்பிடி ஆகியவற்றை விட்டு விலகுங்கள். ஆழமில்லாத பாறைக் குடைவும் பாதுகாப்பல்ல, ஏனெனில் பாறை மீது பாயும் மின்சாரம் அதன் வாயைக் கடந்து செல்லும்போது உள்ளே இருப்பவரின் உடலைப் பாதையாக்கிக்கொள்ளும். நேரடியாக மின்னல் விழுந்து பாதிக்கப்படுபவர்களை விட, அருகே விழுந்து நிலத்தின் வழியே பரவியதால் பாதிக்கப்படுபவர்கள் அதிகம். எனவே கூட்டமாகக் கட்டிப்பிடித்து நிற்காமல், ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு இறங்க வேண்டும். கதவு, கண்ணாடி மூடிய வான் வாகனம் பாதுகாப்பானது, ஆட்டோ அப்படியல்ல.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் மின்சாரம் பாயும் என்ற அச்சம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. பலர் விழுந்திருந்தால், முனகுபவர்களை அல்ல, மூச்சும் அசைவும் இல்லாதவரையே முதலில் கவனிக்க வேண்டும். மின்னலில் உயிர் போவது பெரும்பாலும் இதயம் நின்றுவிடுவதனால், உடனடியாக நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுத்தால் மீளக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் அழுத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் சிக்னல் உள்ள இடத்துக்கு இறங்கி 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழைக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அம்பியூலன்ஸ் வரக்கூடிய கடைசி இடம் எது, அங்கே சொல்ல வேண்டிய ஊர்ப்பெயர் எது என்பதை ஏறும் முன்பே குழுவில் எல்லோரும் கேட்டு வைத்திருக்க வேண்டும்.