அகாதெமி: சொல்லும் அதற்கான தமிழும்

வேலூர் சத்துவாச்சாரியில் பலகை எழுதும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பிளக்ஸ் வந்தபிறகு தொழில் பாதிக்குமேல் போய்விட்டது. ஆனாலும் தகரப் பலகைக்கும் சுவரெழுத்துக்கும் அவரைத் தேடி வருகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். போன மாதம் கடை வழியாகப் போனபோது கூப்பிட்டார். தகரத்துக்கு வெள்ளை அடித்து, நூலில் சாக்பீஸ் பொடி தேய்த்துச் சுண்டி, எழுத்துக்குக் கோடு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாத்தியாரே, ஒரு அம்மா புள்ளைங்களுக்கு டிராயிங் கிளாஸ் ஆரம்பிக்கிறாங்க. 'ஃபைன் ஆர்ட்ஸ் அகாடமி'ன்னு இங்கிலீஷ்ல கீழ வரணும், தமிழ்ல மேல பெருசா வரணும். தமிழ்ல இன்னான்னு எழுதறது?"

ஓவிய ஆசிரியனாக இருபது ஆண்டு கழித்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு நின்ற நிலையில் பதில் வரவில்லை. அன்றிரவு யோசித்ததும் பிறகு தேடிப் படித்ததும்தான் இது.

முதலில் அந்த ஒரு எழுத்தைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் காட்பாடி சாலை, ஆற்காடு சாலை என்று நடந்தால் நீட் அகாடமி, போலீஸ் தேர்வு அகாடமி, கிரிக்கெட் அகாடமி, மேக்கப் அகாடமி என்று வரிசையாகப் பலகைகள். எல்லாம் 'ட' போட்ட அகாடமி. ஆனால் வாலாசாப்பேட்டையில் வளர்ந்த மு.வ.வுக்கு 1961-இல் பரிசு கொடுத்தது சாகித்திய அகாதெமி, 'த' போட்டது. எழுத்துப் பிழையால் வந்த வேறுபாடு இல்லை இது. 'அகாடமி' ஆங்கில வாயிலிருந்து நேராக வந்தது. 'அகாதெமி' இந்தி வழியாக டெல்லியிலிருந்து வந்தது. இன்று பொருளிலும் இரண்டும் பிரிந்துவிட்டன. அகாடமி என்றால் காசு கட்டிப் படிக்கும் பயிற்சி வகுப்பு. அகாதெமி என்றால் கலைஞருக்கும் எழுத்தாளருக்கும் அரசு அமைத்த பொது நிறுவனம். ஒரே கிரேக்கச் சொல் இரண்டு பாதையில் வந்து தமிழில் இரண்டு சொல்லாக நிற்கிறது.

அந்தக் கிரேக்கச் சொல் முதலில் ஒரு தோப்பின் பெயர். ஏதென்சு நகரின் மதிலுக்கு வெளியே அகாதெமோசு என்ற பழைய வீரனின் பெயரால் வழங்கிய ஓர் இடம். அங்கே ஒலிவ மரங்கள் நின்றன. அதீனா தெய்வத்துக்கு உரிய மரங்கள் அவை. கி.மு. 387 வாக்கில் பிளேட்டோ அங்கே மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார். இடத்தின் பெயர் பள்ளியின் பெயராயிற்று. கி.மு. 86-இல் ரோமானியத் தளபதி சுல்லா ஏதென்சை முற்றுகையிட்டபோது, கோட்டையை இடிக்கும் பொறிகள் செய்ய அந்த மரங்களை வெட்டினான். மரம் போனது, பெயர் மிஞ்சியது.

ஓவியத்துக்கு அந்தப் பெயர் வந்தது வெகுகாலம் கழித்து. 1563-இல் பிளாரன்சு நகரில் வசாரி முன்னின்று ஓர் அகாதெமி தொடங்கினார். 1648-இல் பாரிசிலும் 1768-இல் லண்டனிலும் அரசர் ஆதரவில் அமைந்தன. அதுவரை ஓவியரும் சிற்பியரும் தச்சர், தட்டார் போலத் தொழிற்குழுக்களில் அடங்கியவர்கள். தங்களையும் கற்றவர்களாக மதிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதன் விளைவே கலை அகாதெமி. ஒரு கலைஞனின் வேலையை மற்றக் கலைஞர்கள் கூடிப் பார்த்து, இது நன்று என்று சொல்லும் இடம். இந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் சரியான தமிழ்ச் சொல்லைத் தேட முடியும்.

விடுதலைக்குப் பின் நடுவண் அரசு மூன்று அகாதெமிகளை அமைத்தது. இசை, கூத்து, நாடகத்துக்குச் சங்கீத நாடக அகாதெமி, 1953 ஜனவரியில். இலக்கியத்துக்குச் சாகித்திய அகாதெமி, 1954 மார்ச்சில். ஓவியம், சிற்பம் முதலியவற்றுக்கு லலித் கலா அகாதெமி, 1954 ஆகஸ்ட் 5-இல். கல்வி அமைச்சராக இருந்த மௌலானா அபுல் கலாம் ஆசாத் அதைத் தொடங்கிவைத்தார். முதல் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பெயர் தெரியாதவர்களுக்கும் அவர் கைவேலை தெரியும்: மெரினாவில் பாறையை நெம்பும் நால்வரின் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. 1850-இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக 1929 முதல் இருந்தவர்.

'லலித' என்பது வடசொல். விளையாடு என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்து, ஒயில், நயம், மென்மை என்று விரிந்தது. நம் ஊர் லலிதாக்களின் பெயரும் அதுதான். லலித கலை என்றால் நயமான கலை.

இந்த அகாதெமியைப் பற்றி என் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், அங்க சேர என்ன மார்க் வேணும்?" என்பது. அது கல்லூரி இல்லை. பட்டம் தராது. ஓவியம் படிக்க வேண்டும் என்றால் சென்னையிலோ கும்பகோணத்திலோ உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிக்குப் போகவேண்டும். அகாதெமியின் வேலை, படித்து முடித்தவனும் படிக்காமலே கைவந்தவனும் செய்ததை ஊர் பார்க்க வைப்பது. நாடு முழுவதிலிருந்தும் படைப்புகளை வரவழைத்து, நடுவர் குழு தேர்ந்து, தேசியக் கண்காட்சி நடத்தி விருது தருகிறது. நல்ல படைப்புகளை வாங்கிப் பாதுகாக்கிறது. நூல் வெளியிடுகிறது, உதவித்தொகை தருகிறது. பணம் அரசுடையது; எது நல்ல ஓவியம் என்ற முடிவு கலைஞருடையது. அந்தக் கோடு அழிந்தால் பிறகு அகாதெமி என்ற பெயருக்குப் பொருளில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றும் அது செய்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள வட்டார மையத்தில் கலைஞர்கள் வேலை செய்யப் பட்டறைகள் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்கள் ஆறு பேரைக் காட்பாடியில் ரயிலேற்றி அங்கே கூட்டிப்போனேன். அச்சோவியப் பட்டறையில் ஒருவர் உலோகத் தகட்டில் மையை அப்பி, மெல்லிய துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். மேற்பரப்பு பளிச்சென்றாக, கீறிய கோட்டுக்குள் மட்டும் மை தங்கியது. ஈரக் காகிதத்தை மேலே போர்த்தி, அதன்மேல் கம்பளம் போட்டு, சக்கரத்தை இரண்டு கையாலும் சுற்றினார். காகிதத்தை ஒரு மூலையிலிருந்து உரித்தபோது குடியாத்தத்துப் பையன் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த இயந்திரம் தனியாள் வாங்கக்கூடிய விலையில் இல்லை. பொது நிறுவனம் வாங்கி வைத்ததால்தான் அவன் கண்ணால் பார்த்தான். பொது என்ற சொல்லுக்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது.

இனித் தமிழுக்கு வருவோம். 'ஃபைன் ஆர்ட்ஸ்' என்பதற்கு நம்மிடம் இரண்டு சொல் வழங்குகின்றன: கவின்கலை, நுண்கலை. ஆங்கிலச் சொல்லின் முன்பாதிக்கு அழகு, நுட்பம் என்று இரண்டு சாயலும் உண்டு. அழகைப் பிடித்தவர்கள் கவின் என்றார்கள், நுட்பத்தைப் பிடித்தவர்கள் நுண் என்றார்கள். கவின் சங்கப் பாட்டில் தலைவியின் மேனியழகுக்கு வரும் சொல். 'மாமைக் கவின்' என்பார்கள். கலை என்பது 'கல்' என்ற வேரில் பிறந்த தமிழ்ச்சொல்லே என்பாரும், வடமொழிக் 'கலா' என்பாரும் உண்டு. எந்தப் பக்கம் போனாலும், தமிழில் ஆயிரம் ஆண்டுக்குமேல் புழங்கிவிட்ட சொல் அது.

நான் நுண்கலை பக்கம். காரணம் மதுரைக்காஞ்சியில் இருக்கிறது. அதில் ஓவியர்களுக்கு ஒரு பெயர் வருகிறது: கண்ணுள் வினைஞர். பார்ப்பவர் கண்ணுக்குள்ளே தம் வேலையை நிறுத்துகிறவர்கள். அவர்களைச் சொல்லும்போது புலவர் போடும் அடைமொழி, 'நுண்ணிதின் உணர்ந்த நுழைந்த நோக்கின்' என்பது. அழகாக வரைகிறவர் என்று சொல்லவில்லை. நுட்பமாக உணர்ந்தவர், பொருளுக்குள் நுழைந்து பார்க்கும் பார்வை உடையவர் என்கிறார். நுண்கலை என்ற சொல்லை ஆங்கிலத்தைப் பார்த்து யாராவது ஆக்கியிருக்கலாம். ஆனால் ஓவியத்துக்கும் 'நுண்' என்பதற்கும் உள்ள உறவு ஆங்கிலம் தந்ததில்லை.

வட ஆற்காட்டுக்காரனாக இதைச் சொல்லும்போது கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். பல்லவன் மகேந்திரவர்மனுக்கு 'சித்திரகாரப்புலி' என்று ஒரு பட்டம். அவன் பாறையில் குடைந்த கோயில் மகேந்திரவாடியில், இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில் நிற்கிறது. ஆம்பூர்ப் பக்கம் மலையம்பட்டை ஒட்டிய அர்மாமலைக் குகையில் சமணர் தீட்டிய எட்டாம் நூற்றாண்டு ஓவியங்கள் உள்ளன. சித்தன்னவாசல் என்றால் எல்லாருக்கும் தெரிகிறது. அர்மாமலை என்றால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. சுண்ணம் உதிர்ந்து, திட்டுத் திட்டாகத்தான் மிச்சம். அந்தத் திட்டில் தாமரை இலைகளும் திசைக்காவலர் உருவங்களும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

சரி, அகாதெமிக்கு எது? கழகம், சங்கம், குழு, மன்றம் என்று நான்கு சொல் போட்டியில் நிற்கின்றன.

கழகத்தின் கதை சுவையானது. திருக்குறளில் சூது அதிகாரத்தில் வரும் கழகம் சூதாடும் இடம். அதே சொல் கம்பரிடம் வரும்போது, கோசல நாட்டு இளைஞர்களின் 'கலை தெரி கழகம்' ஆகிவிடுகிறது. கலை கற்கும் இடம் என்ற பொருளில் இதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் கிடைப்பது அரிது. ஆனால் இன்று கழகம் என்றதும் ஓட்டுப்பெட்டியும் பேருந்தும் நினைவுக்கு வருகின்றன. சொல் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

சங்கத்துக்கும் பழைய பெருமை உண்டு. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 'அகாடமி' என்றே பெயர்த்தார்கள். 1955-இல் சென்னை மாநில அரசு அமைத்த கலை அமைப்பின் பெயர் சங்கீத நாடக சங்கம். 1973-இல் அது இயல் இசை நாடக மன்றம் ஆயிற்று. கலைமாமணி விருது தருவது இதுதான். ஓவியம், சிற்பத்துக்கு 1975 முதல் தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழு. ஆக, மாநில அரசு அகாதெமி என்ற சொல்லை மன்றம் என்றும் குழு என்றும் இரண்டு விதமாகத் தமிழாக்கியிருக்கிறது.

குழு எனக்கு ஒப்பவில்லை. விசாரணைக் குழு, தேர்வுக் குழு என்று ஒரு வேலைக்குக் கூடி, முடிந்ததும் கலையும் சாயல் அதற்கு வந்துவிட்டது. இருக்கை உண்டு, இடம் இல்லை.

மன்றம் இடத்தின் பெயர். ஊர் நடுவே மரத்தடியில் எல்லாரும் கூடும் பொது இடம். 'மன்ற வேம்பு' என்று புறநானூறு பேசுகிறது. மரத்தோப்பின் பெயர் கல்விக்கூடத்தின் பெயரானது கிரேக்கத்தில். வேம்படியின் பெயர் அவையின் பெயரானது தமிழில். இரண்டு சொல்லும் ஒரே மாதிரி வளர்ந்தவை. தில்லையில் கூத்தன் ஆடும் இடமும் மன்றுதான். பொதுமை, கூடிப் பார்த்தல், கலை மூன்றும் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. லலித் கலா அகாதெமி போன்ற அமைப்புக்கு 'நுண்கலை மன்றம்' என்பதே என் தேர்வு.

மக்களிடமும் அது பழகிய சொல். மாவட்டக் கலை மன்றம் வயதுவாரியாகக் கலை இளமணி, வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி என்று விருது தருகிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு இளமணி. அறுபத்தைந்து தாண்டியவருக்கு முதுமணி. கிராமத்தில் கூத்தாடும் பெரியவர் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கூத்து என்றதும் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். டெல்லி மூன்றாகப் பிரித்த கலை, நம் பக்கத்துக் கூத்துக் களரியில் பிரியாமல் கிடக்கிறது. பழைய வட ஆற்காட்டுப் புரிசையின் தம்பிரான் குடும்பத்துக் கூத்தர்கள் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றவர்கள். ஆடுபவருக்கு அது சரி. அவர் தோளில் கட்டும் புஜக்கட்டையைச் செதுக்கி, வண்ணம் தீட்டி, கண்ணாடித் துண்டு பதிக்கிறவர் எந்த அகாதெமியின் கலைஞர்? முகத்தில் அரிதாரம் எழுதும் கை ஓவியரின் கையா, கூத்தரின் கையா? இயல் இசை நாடகம் என்று மூன்றைச் சேர்த்துப் பெயர் வைத்த தமிழ், நான்காவதாக ஓவியத்தையும் அதே மன்றத்தில் உட்காரவைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மறுநாள் மாலை அண்ணன் கடைக்குப் போனேன். அந்த அம்மா நடத்தப்போவது அகாதெமி இல்லை, பிள்ளைகள் பயிலும் இடம். கவின்கலை என்ற சொல்லைக் கல்லூரிப் பெயரால் ஊர் அறிந்திருக்கிறது. அதனால் 'கவின்கலைப் பயிலகம்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சாக்பீஸால் எழுத்தை எண்ணிப் பார்த்தார்.

"நடுவுல அந்த 'ப்' கண்டிப்பா வேணுமா வாத்தியாரே? இடம் இடிக்குது."

"வேணும்ணா. கலையைப் பயிலும் அகம். ஒற்று வரும்."

ஈரத்துணியால் கோட்டைத் துடைத்துவிட்டு, நூலில் மறுபடி பொடி தேய்த்தார். எழுத்துக்கு எழுத்து அரை விரல் அகலம் குறைத்துக்கொண்டு, முதல் 'க'வை எழுதத் தொடங்கினார்.