ஒக்சிதான்: ‘ஆமா’ என்ற சொல்லே பெயரான மொழி

ஆங்கில வழியில் ‘ஆக்சிடன்’ என்று எழுதினால் யாரோ வண்டியை இடித்துவிட்ட மாதிரி இருக்கிறது, அதனால் நான் ‘ஒக்சிதான்’ என்றே எழுதுகிறேன். பிரான்சின் தென்பாதியிலும், இத்தாலிப் பக்க ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகள் சிலவற்றிலும், ஸ்பெயினின் அரான் பள்ளத்தாக்கிலும் பேசப்படும் மொழி. பேசுகிறவர்கள் ஒக்சிதானியர்.

வேர்ச்சொல் ‘ஓக்’. ‘ஆமா’ என்று அர்த்தம், அவ்வளவுதான். லத்தீனில் ஆமாவுக்கென்று தனியாக நிலைத்த சொல் கிடையாது; ‘வந்தாயா?’ என்றால் ‘வந்தேன்’ என்று நாம் வினையையே திருப்பிச் சொல்கிறோமே, அவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். அப்புறம் பேச்சில் ‘ஹோக்’, அதாவது ‘இது’, என்று சொல்லி ஒப்புக்கொள்ளும் வழக்கம் வந்தது. தெற்கே அது தேய்ந்து ‘ஓக்’. வடக்கே ‘ஹோக் இல்லே’ (நம்முடைய இல்லே அல்ல, லத்தீனில் அதற்கு ‘அவன்’ என்று பொருள்) ‘ஓயில்’ ஆகி, இன்றைய பிரெஞ்சின் ‘உய்’ ஆனது. ‘ஆகும்’ சுருங்கி ‘ஆம்’ ஆன கதைதான். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கவிஞர் தாந்தே, ஆமாவை எப்படிச் சொல்கிறார்கள் என்பதை வைத்தே ஓக், ஓயில், சி (இத்தாலியரின் ஆமா) என்று மொழிகளைப் பிரித்தார். தென்பிரான்சில் லாங்குதோக் என்ற வட்டாரப் பெயரும் ‘ஓக்கின் மொழி’தான்.

துருபதூர் கவிஞர்கள் 12ஆம் நூற்றாண்டில் காதல் பாடியது இந்த மொழியில். ‘துரோபார்’ என்றால் கண்டெடுப்பது, பாட்டுக் கட்டுவது. அதனால் ‘பாணர்’ என்று மொழிபெயர்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. இவர்களில் பிரபுக்களும் உண்டு, தென்மேற்குப் பிரான்சின் அக்கித்தேன் பிரபு ஒன்பதாம் கியோம் ஒருவர்.

அப்படிப்பட்ட மொழியைத்தான் பிரெஞ்சுப் பள்ளிகள் ‘பத்துவா’ என்றன. இதை ‘வட்டார வழக்கு’ என்று எழுதுவது ரொம்ப மரியாதையான மொழிபெயர்ப்பு, ‘கொச்சை’ என்பதே பொருந்தும். வகுப்பில் அதைப் பேசி மாட்டிய பிள்ளையிடம் ஒரு மரத்துண்டையோ வேறு ஏதாவது அடையாளத்தையோ கொடுத்துவிடுவார்கள். அடுத்து யார் வாய் தவறிப் பேசுகிறானோ அவனிடம் அதைத் தள்ளிவிட வேண்டும், மாலையில் யார் கையில் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. கூடப் படிக்கிறவனே ஒற்றன். இந்த அனுபவத்துக்கு ஒக்சிதானியர் வைத்த பெயர் ‘வெர்கோன்யா’. வெட்கம் என்பதைவிட ‘தலைகுனிவு’ என்றால் சரியாக வரும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பெயராக வரும்போது ‘ஒக்சிதான்’, பொருள் தெரிய வேண்டிய இடத்தில் ‘ஓக் மொழி’. ‘ஆம்மொழி’ என்றும் ஆக்கிப் பார்த்தேன், வாயில் ஒட்டவில்லை. இந்த மொழி பேசும் நிலம் முழுவதையும் ‘ஒக்சித்தானியா’ என்று எழுதும்போது மட்டும் கவனம்: 2016இல் பிரான்ஸ் அமைத்த நிர்வாகப் பகுதிக்கும் இதே பெயர்தான், ஆனால் ஓக் மொழி வட்டாரங்களான ப்ரோவான்சும் லிமோசினும் அதற்குள் வராது.