ஆழத்துக்குப் போகும் விருந்தாளி

கணவாய் ஆய்ந்து பழகியவர்களுக்கு இது தெரியும். தலையைப் பிடித்து இழுத்தால் குடலும் சேர்ந்து வந்துவிடும். அப்புறம் உள்ளே விரலை விட்டால் பிளாஸ்டிக் சீவல் மாதிரி மெல்லிய தகடு ஒன்று சிக்கும். நாம் குப்பையில் போடும் அந்தத் தகடு ஒரு காலத்தில் ஓடாக இருந்தது. கணவாயின் மூதாதைகள் வெளியே சுமந்த ஓடுதான் உள்ளே போய் மெலிந்து இப்படி ஆகிவிட்டது.

ஓடு என்றதும் நினைவுக்கு வரும் ஆமைகளிலும் ஒன்று கடினமான ஓட்டைக் கைவிட்டிருக்கிறது. முதுகில் நீளவாக்கில் ஏழு வரிகள் ஓடும் ஏழுவரி ஆமைதான் அது. அதன் முதுகு தோல் போர்த்தியது. எண்ணெய்ப் பசையுள்ள திசுவுக்கு மேல் சின்னச் சின்ன எலும்புத் துண்டுகளைப் பதித்தது போல இருக்கும். அழுத்தினால் வளைந்து கொடுக்கும்.

இந்த ஆமை 1,200 மீட்டருக்கும் கீழே மூழ்கியது பதிவாகியிருக்கிறது. ராட்சசக் கணவாயை அதன் இடத்திலேயே ஜப்பானிய விஞ்ஞானிகள் முதன்முதலாகப் படம் பிடித்தது 2004இல், ஜப்பானின் ஓகசவாரா தீவுகளுக்கு அருகே, சுமார் 900 மீட்டர் ஆழத்தில். 1,000 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும், அதாவது ஏறக்குறைய ஒரு விரல் நகத்தளவு இடத்தில், சுமார் 100 கிலோ எடை அழுத்தும். இரண்டும் ஏன் நசுங்கிப் போவதில்லை?

அழுத்தம் அதிகம் படுத்துவது காற்றைத்தான். நீரும் சதையும் லேசில் சுருங்காது. கணவாயின் உடலில் காற்றுப் பை எதுவும் கிடையாது, அதனால் அதற்குக் கவலையில்லை. சரி, காற்றுப் பை இல்லாமல் மிதப்பது எப்படி? ராட்சசக் கணவாயின் சதை முழுக்க அம்மோனியம் குளோரைடு கரைசல் ஊறியிருக்கிறது. அது கடல்நீரைவிட லேசானது. துடுப்பு அடிக்காமலே அந்தரத்தில் நிற்கலாம். ஆனால் வறுத்துத் தின்ன ஆசைப்பட வேண்டாம், அம்மோனியா நெடி தாங்காது.

ஆமையின் கதை வேறு. அதற்கு நுரையீரல் உண்டு, மூச்சுக்கு மேலே வந்தே ஆகவேண்டும். 5 லிட்டர் காற்றை 1,000 மீட்டருக்குக் கொண்டுபோனால் அது 50 மில்லியாகச் சுருங்கிவிடும். வளையும் முதுகு கொண்ட ஆமை நுரையீரலை மடங்க விட்டுவிடுகிறது. அதில் ஒரு லாபமும் உண்டு: அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்தில் ஏறி, மேலே வரும்போது குமிழியாகும் ஆபத்து குறைகிறது. வேண்டிய ஆக்சிஜனின் பெரும்பகுதியை ரத்தத்திலும் தசையிலும் கட்டுச்சோறு போலக் கட்டிக்கொண்டுதான் கிளம்புகிறது. தசையில் அதைப் பிடித்து வைப்பது மயோகுளோபின் என்ற புரதம். இதயத் துடிப்பையும் குறைத்துக்கொண்டால் அந்தச் சோறு ஒரு மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். ஆனாலும் அது பெரும்பாலும் போவது 200 மீட்டருக்குள்தான். சொறிமீன் அங்கேயே கிடைக்கும்போது அதைவிட ஆழத்துக்குப் போவது எதற்கு?

கணவாய்க்குச் செவுள் இருப்பதால் கட்டுச்சோறு வேண்டாம். அதன் ரத்தம் நீலம். நமக்கு இரும்பு செய்யும் வேலையை அதற்குச் செம்பு செய்கிறது. ரத்தத்தைத் தள்ள மூன்று இதயங்கள், அவற்றில் இரண்டு செவுள்களுக்கு மட்டும். ராட்சசக் கணவாயிடம் இந்த ஏற்பாடு குளிர்ந்த நீருக்குத்தான் சரிப்படும். வெதுவெதுப்பான மேல்நீருக்கு வந்தால் அதன் நீல ரத்தம் ஆக்சிஜனைச் சரியாகப் பிடிக்காது. ஆமை மூச்சு வாங்க ஏறி வரும் அதே இடத்தில் ராட்சசக் கணவாய்க்கு மூச்சுத் திணறும்.