டவுன்லோடு செய்த படம் எத்தனை நாளைக்கு ஓடும்?

நம் குமரி மாவட்டத்தில் தூத்தூரிலிருந்தோ வள்ளவிளையிலிருந்தோ ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிற விசைப்படகு கரை திரும்பப் பல வாரம் ஆகும். கொஞ்ச தூரம் போனதுமே போனில் டவர் போய்விடும். அதனால் கிளம்பும் முன்பே ஓடிடி செயலியில் நாலைந்து படங்களை டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டால் போதும் என்று தோன்றும். ஆனால் போகப் போக அவற்றில் சில திறக்காது. போனில் கோப்பு அப்படியே இருக்கும், படம் மட்டும் ஓடாது.

காரணம், செயலி இறக்கும் கோப்பு பூட்டப்பட்டது. அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி நிறுவனத்தின் சர்வரிலிருந்து தனியாக வருகிறது, கூடவே ஒரு கெடுவும் வருகிறது. சில படங்களுக்கு 30 நாள், சிலவற்றுக்கு 7 நாள். பார்க்கத் தொடங்கியதும் 48 மணி நேரமாகச் சுருங்குவதும் உண்டு. கெடு முடிந்தால் இணையத்தோடு இணைந்து புதுப்பிக்க வேண்டும். அந்த நிறுவனத்துக்கே படத்தின் உரிமம் முடிந்திருந்தால் அதுவும் நடக்காது. காசு கொடுத்து ‘வாங்கும்’ டிஜிட்டல் படங்களிலும் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது பார்க்கும் அனுமதிதான். டிவிடியிலும் பூட்டு இருக்கிறது. ஆனால் அதற்கான சாவிகள் வட்டிலும் பிளேயரிலுமே இருப்பதால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வட்டின் உள்ளே நடப்பது இன்னும் அழகானது. பிளாஸ்டிக்கில் சுருள் வடிவத் தடம், தடம் முழுக்க நுண்குழிகள், அதன்மேல் அலுமினியப் பூச்சு. லேசர் ஒளி சமதளத்தில் பட்டால் பளிச்சென்று திரும்பும், குழியில் பட்டால் மங்கும். இந்த மாற்றங்களைத்தான் பிளேயர் 0, 1 என்று படிக்கிறது. ஒளியின் அலைநீளம் குறைந்தால் குழிகளையும் சின்னதாக்கலாம், அதே வட்டில் அதிகம் அடக்கலாம். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், கொள்ளளவு சுமார் 700 எம்பி. டிவிடிக்கு 650, ஒரு அடுக்கில் 4.7 ஜிபி. டிவிடிக்கு அடுத்து வந்த புளூரே வட்டின் நீலஊதா லேசர் 405, ஓர் அடுக்கிலேயே 25 ஜிபி. விசிடி காலத்தில் ஒரு தமிழ்ப் படம் இரண்டு மூன்று வட்டுகளாக வந்ததற்குக் காரணம், ஒரு வட்டில் 80 நிமிடத்துக்கு மேல் அடங்காததுதான்.

இடம் கூடுதலாக இருந்தால் படமும் தெளிவாக இருக்கும். 4கே புளூரேயில் நொடிக்கு 100 மெகாபிட் அளவுக்குக்கூடத் தரவு ஓடும். ஓடிடியின் 4கே படம் பெரும்பாலும் 15 முதல் 25 மெகாபிட்டில் முடிந்துவிடும். வீடியோவைச் சுருக்கும் முறைகள் சில பிரேம்களை (அதாவது தனித்தனிப் படங்களை) மட்டும் முழுதாகச் சேமித்து, மற்றவற்றில் பெரும்பாலும் ஒரு பிரேமுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தையே சேமிக்கின்றன. இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சிக்கு அது தாராளமாகப் போதும். முட்டம் பாறையில் அலை மோதித் தெறிக்கும் காட்சியில் ஒவ்வொரு பிரேமிலும் எல்லாமே மாறுகிறது. பிட் பற்றாமல் நுரை கட்டம் கட்டமாகக் கலங்கும். புகை, மழை, இருட்டு எல்லாவற்றிலும் இதே கதைதான். புதிய சுருக்க முறைகள் இந்த இடைவெளியைக் குறைத்து வருகின்றன, ஆனால் அது மறைந்துவிடவில்லை.

சரி, அன்றாடம் படம் பார்ப்பதில் வட்டு தோற்றுவிட்டது. தபாலில் டிவிடி அனுப்பித் தொழில் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸே 2023 செப்டம்பரில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. ஒருமுறை பார்த்துவிட்டு மறக்கிற படத்துக்கு டவுன்லோடு போதும். பேரப்பிள்ளைக்கும் போட்டுக் காட்ட நினைக்கிற படம் என்றால், கடையில் கிடைக்கும்போதே வட்டாக வாங்கி வைக்கச் சொல்வேன்.

அச்சிட்டு வரும் சினிமா வட்டுக்குத்தான் இது பொருந்தும். வீட்டு பீரோவில் இருக்கும் கல்யாண டிவிடி வேறு ரகம். ஸ்டுடியோவில் பதிந்து கொடுத்த அந்த வட்டில் குழிகள் இல்லை, லேசரால் நிறம் மாற்றிய சாயப்படலம்தான் இருக்கிறது. வெயில், சூடு, ஈரம் மூன்றுமே அதைக் கெடுக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் ஈரத்துக்கா பஞ்சம்? இன்றைக்கு ஓடுகிறதென்றால் இன்றைக்கே கம்ப்யூட்டரில் போட்டு இரண்டு ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள். ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் யாரிடமாவதும் வையுங்கள்.