நினைவாற்றலோடு சாப்பிடச் சொன்னார்கள்

பெரியம்மா கும்பகோணத்திலிருந்து ராத்திரி ஒன்பதரைக்குப் போன் செய்தார். எட்டு மணிக்கே விளக்கணைத்துவிடும் வீடு அது. "ஏண்டா, டாக்டர் எங்கிட்ட எதையோ மறைக்கிறார். எனக்கு மறதி வியாதி வந்துடுச்சா?" என்றார்.

இரண்டு மாதமாகவே அவருக்குப் படபடப்பு, தூக்கமும் சரியில்லை. ஈசிஜி எடுத்து, ரத்தம் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, கவலைதான் காரணம் என்று சொல்லி ஒரு மருத்துவமனையில் மடிப்புத்தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தலைப்பு: "நரம்பு மண்டலத்தை அமைதிப்படுத்தும் நினைவாற்றல் பயிற்சிகள்". உள்ளே, "தினமும் ஒரு வேளையாவது நினைவாற்றலுடன் சாப்பிடுங்கள்", "நினைவாற்றலுடன் நடங்கள்", "படுக்கும் முன் பத்து நிமிடம் உடல் ஸ்கேன் செய்யுங்கள்". எழுபதை நெருங்கும் ஒரு மனுஷிக்கு இதைக் கொடுத்தால் என்ன நினைப்பார்? மறுநாளே வல்லாரை வாங்கித் துவையல் அரைத்துவிட்டார். ஸ்கேனுக்கு எவ்வளவு ஆகும், தினமும் எடுத்தால் உடம்புக்கு ஆகாதே என்று பக்கத்து வீட்டு நர்ஸ் பெண்ணிடம் விசாரணை வேறு.

மைண்ட்ஃபுல்னெஸ் என்ற சொல்லுக்கு 'நினைவாற்றல்' என்று போடுவதை நான் பார்ப்பது இது முதல் தடவை இல்லை. செயலிகளில் பார்த்திருக்கிறேன், யோகா வகுப்புத் தட்டியில் பார்த்திருக்கிறேன், பள்ளி ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றில் அத்தியாயத் தலைப்பாகவே பார்த்திருக்கிறேன். பெரியம்மாவின் வல்லாரைத் துவையல் வரை வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலி மொழியில் 'சதி'. சமஸ்கிருத ஸ்ம்ருதியின் பாலி வடிவம். வேர்ப்பொருள் நினைத்தல், நினைவில் கொள்ளல். புத்தர் சொன்ன எண்வழிப் பாதையில் ஏழாவது படி 'சம்மா சதி'. இலங்கையில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்தபோது பாலி படித்த ரீஸ் டேவிட்ஸ் 1881-இல் வெளியான தம் மொழிபெயர்ப்பில் இதற்கு மைண்ட்ஃபுல்னெஸ் என்று போட்டார், அது நிலைத்துவிட்டது. 1979-இல் ஜான் கபாட்-சின் என்பவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடு வரும் நோயாளிகளுக்கு பல வார வகுப்பாக இதை அமைத்தார். பௌத்தப் பெயர்களைக் கழற்றி வைத்துவிட்டு, உலர்திராட்சை ஒன்றைக் கையில் கொடுத்து, பார், முகர், நாக்கில் வை, மெல்ல மெல்ல மென்று பார் என்று தொடங்கும் பயிற்சி அவருடையது. இந்தக் கணத்தில் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல், வேண்டுமென்றே கவனிப்பது: இவ்வளவுதான் பொருள்.

இப்போது 'நினைவாற்றல்' என்ன சொல்கிறது? அது ஒரு திறன். சிலருக்குக் கூடுதல், சிலருக்குக் குறைவு. பரீட்சைக்கு வேண்டியது. பிள்ளைகளுக்கான சூரண விளம்பரத்தில் வருவது. நேற்றைக்கு நடந்ததை இன்றைக்கு எடுத்துத் தருவது. அதை வைத்துக்கொண்டு எப்படி நடப்பது, எப்படிச் சாப்பிடுவது? "நினைவாற்றலுடன் சாப்பிடுங்கள்" என்றால், போன வியாழக்கிழமை என்ன குழம்பு என்று யோசித்துக்கொண்டே சாப்பிட வேண்டியதுதான். வேண்டாம் என்று பயிற்சி சொல்வதே அதைத்தானே!

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தேடிப் பார்க்கப் பார்க்க, மொழிபெயர்ப்புக் கருவியோ ஆளோ, இதைப் போட்டவர் பாதி தூரம் சரியாகத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. எட்டாம் சங்கீதத்தில் ஆங்கில பைபிள், மனிதனை நீர் 'மைண்ட்ஃபுல்' ஆக இருக்க அவன் யார் என்று கேட்கிறது. தமிழ் பைபிளில் அந்த இடம்: "மனுஷனை நீர் நினைக்கிறதற்கும்". நினைக்கிறது. ஞாபகசக்தி என்று அங்கே யாரும் படித்ததில்லை. மனத்தில் வைத்திருப்பது என்றே படித்தோம். தமிழில் 'நினைவு' என்பது பழைய ஞாபகம் மட்டும் இல்லை. மயங்கி விழுந்தவருக்கு "நினைவு திரும்பிவிட்டது" என்கிறோம். உயிலில் "பூரண சுயநினைவுடன்" என்று எழுதுகிறார்கள். பால் பொங்கி வழிந்தால், "நினைப்பெல்லாம் எங்கே இருக்கு?" என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். இங்கே, இப்போது, இருக்கிற இடத்தில் இருப்பதுதான் நினைவு. ஆகவே தவறு 'நினைவி'ல் இல்லை. பின்னால் கொண்டுவந்து ஒட்டிய 'ஆற்றலி'ல் இருக்கிறது. ஒட்டு போட்டதும் நினைவு மண்டைக்குள் இருக்கும் ஒரு பெட்டி ஆகிவிட்டது.

இதைச் சொன்னதும் என் மொழிபெயர்ப்பு நண்பர் ஒருவர், "அதெல்லாம் சரி, 'விழிப்புணர்வு' இருக்க நினைவு எதற்கு?" என்று சண்டைக்கு வந்தார். படித்தவர்கள் கூட்டத்தில் இந்தச் சொல்லுக்குத்தான் மதிப்பு. நூல்களில் வருகிறது, உச்சரிக்க நன்றாக இருக்கிறது, கொஞ்சம் ஞானியர் வாசனையும் உண்டு. நண்பர் ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு மூன்று குறை.

விழிப்புணர்வு இன்றைக்குத் தெருவில் என்ன பொருளில் புழங்குகிறது? டெங்கு விழிப்புணர்வுப் பேரணி. தலைக்கவச விழிப்புணர்வு வாரம். மாணவர்கள் வெயிலில் பதாகை பிடித்து நிற்பது. ஒரு தகவலை ஊருக்குச் சொல்வது என்று அந்தச் சொல் தேய்ந்து பல காலமாகிறது. "விழிப்புணர்வுப் பயிற்சி" என்று தட்டி வைத்தால் சுகாதார ஆய்வாளர் பேச வருகிறார் என்றுதான் ஜனம் வரும், அல்லது வராது. இரண்டாவது, விழிப்பு என்றால் தூங்காமல் இருப்பது. தூக்கம் வராத ஒரு மனுஷியிடம், படுக்கையில் கிடந்து விழிப்புணர்வை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். விடிய விடிய விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். விழிப்பில் ஒரு காவல்காரத்தனம் இருக்கிறது. எல்லையில் விழிப்பு, திருடனுக்கு எதிரான விழிப்பு. படபடப்புக்காரருக்கு அது ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. கதவுச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறவரை இன்னும் விழிப்பாக இரு என்றால் நோயையே மருந்தாகக் கொடுக்கிற கதை. நண்பர் இதற்குப் பதில் சொல்லவில்லை. 'மனவிழிப்பு' என்று மாற்றிக்கொள்ளலாமே என்றார். அவரவர் பிடிவாதம்.

'மனநிறைவு' என்று போடுபவர்களும் உண்டு. மைண்ட் என்றால் மனம், ஃபுல் என்றால் நிறைவு. இதற்குப் பேர் மொழிபெயர்ப்பு இல்லை, தச்சுவேலை. பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தால் வருவது மனநிறைவு. 'மன ஒருமை' என்பதும் ஆகாது. ஒருமுகப்படுவது எட்டாவது படி, நாம் பேசுவது ஏழாவது. 'தியானம்' அகலமான கூடை, எது வேண்டுமானாலும் விழும். ஈழத்து நண்பர்கள் 'அவதானம்' என்பார்கள். அங்கே அது பேச்சில் உயிரோடு இருக்கிற சொல், "அவதானமாப் போங்கோ" என்று வழியனுப்புவார்கள். அவர்களுக்கு அது பொருந்தலாம். இந்தப் பக்கம் அவதானம் என்றால் அட்டாவதானம்தான், மறுபடியும் நினைவாற்றல் வித்தைக்கே போய் நிற்கிறோம்.

தூய தமிழ் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பழஞ்சொல் கிடைக்கும். எண்வழிப் பாதையைத் தமிழில் சொல்லும் பட்டியலில் ஏழாவது இடத்தில் 'நற்கடைப்பிடி' என்று இருக்கும். கடைப்பிடி என்றால்? இறையனார் களவியல் என்ற பழைய அகப்பொருள் இலக்கண நூலுக்கு உரை எழுதியவர் ஆண்மகனுக்கான குணங்களாக அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்று நான்கைச் சொல்லி, கடைப்பிடி என்பது "கொண்ட பொருள் மறவாமை" என்கிறார். (எங்கள் வீட்டில் இந்தக் குணம் பெரியம்மாவுக்குத்தான் உண்டு, பெரியப்பாவுக்குக் கண்ணாடி எங்கே வைத்தோம் என்பதே தெரியாது.) கொண்ட பொருள் மறவாமை! சதி என்ற சொல்லுக்கு இதைவிட நெருக்கமாக எவனும் விளக்கம் எழுதிவிட முடியாது. மூச்சைக் கவனிக்க உட்கார்கிறோம், மனம் கரண்ட் பில்லுக்குப் போகிறது, அட, மூச்சல்லவா என்று திரும்புகிறோம். அந்தத் 'திரும்புதல்'தான் மறவாமை. பயிற்சி முழுக்க அதுதான். ஆனாலும் அந்தச் சொல்லை இன்றைக்குத் தூக்கி நிறுத்த என்னால் முடியாது. சாலை விதிகளைக் கடைப்பிடிக்கிறோம், விரதம் கடைப்பிடிக்கிறோம். அது கையில் பிரம்போடு நிற்கும் சொல்லாக மாறிவிட்டது.

வடமொழிப் பக்கம் இன்னொரு வேடிக்கை. ஸ்ம்ருதி வந்த அதே வேரிலிருந்து ஸ்மரணை. ஸ்மரணை நம் வாயில் உருண்டு 'சொரணை'. சூடு சொரணை இல்லை என்று திட்டுகிறோமே, அதே சொரணை. ஆனால் சர்க்கரை நோயாளியிடம் கேளுங்கள்: "கால்ல சொரணையே இல்லைங்க." உடம்பில் ஓர் இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிவதுதான் சொரணை. மடிப்புத்தாளில் வந்த 'உடல் ஸ்கேன்' என்னவென்றால், கண்ணை மூடிக்கொண்டு, கால் பெருவிரலில் தொடங்கி உச்சந்தலை வரை ஒவ்வொரு இடமாகச் சொரணையைக் கேட்டுக்கொண்டு வருவது. "கால் முதல் தலை வரை ஒவ்வொரு உறுப்பாக மனத்தால் தொட்டு வாருங்கள்" என்று எழுதியிருந்தால் பெரியம்மா ஸ்கேன் சென்டரின் கட்டணத்தை விசாரித்திருக்க மாட்டார்.

'நரம்பு மண்டலம்' வேறு. கலைச்சொல்லாக அது சரிதான், பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் பொதுமக்களிடம் நரம்பு என்று எடுத்தாலே லாட்ஜில் வந்து தங்கி நரம்புத் தளர்ச்சிக்கு வைத்தியம் பார்ப்பவர்களின் விளம்பரம்தான் ஞாபகம் வரும். பெரியம்மா அந்தத் தாளைப் பெரியப்பா கண்ணில் படாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பாடப்புத்தகமும் குறை இல்லாதது இல்லை. நெஞ்சைப் படபடக்க வைத்து, ஓடு அல்லது அடி என்று உடம்பைத் தயார் செய்கிற நரம்புத் தொகுதிக்கு அங்கே 'பரிவு நரம்பு மண்டலம்' என்று பெயர். ஆசுவாசப்படுத்துவது 'எதிர்ப்பரிவு'. பரிவு விரட்டுகிறது, எதிர்ப்பரிவு தடவிக் கொடுக்கிறது! உறுப்புகள் சேர்ந்து இயங்குவது என்ற பொருளில் கிரேக்கச் சொல்லைக் கொண்டு வைத்த பெயரை, இன்றைய ஆங்கிலப் பொருளைப் பார்த்து இரக்கமாக்கிவிட்டார்கள்.

நானும் மொழிபெயர்ப்பில் பிழைப்பவன்தான், கஷ்டம் தெரியும். இப்போதெல்லாம் கருவி போட்டுத் தந்ததைத் "திருத்தி மட்டும்" கொடுங்கள் என்கிறார்கள், பாதிக் கூலிக்கு. ஓர் இடத்தில் 'நினைவாற்றல்' என்றிருந்ததை மாற்றினேன். வாடிக்கையாளர் தம் சொற்பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது, மாற்றக் கூடாது என்று திருப்பி அனுப்பினார். பட்டியலை யார் போட்டது? அதுவும் கருவி. எழுதுகிறவர்கள் யாரும் அந்த வாக்கியத்தைத் தன் வீட்டுக் கூடத்தில் நின்று ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்ப்பதில்லை. "அம்மா, நினைவாற்றலோட சாப்பிடுங்க." சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார்கள்.

பெயர்ச்சொல் ஒன்று வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 'நினைவோடிருத்தல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது வினையாகவே இருப்பதுதான் பிடிக்கும். நினைவோடு நடங்கள். நினைவோடு சாப்பிடுங்கள். இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மா முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, "மூச்சை இழுக்கறதைவிட விடறதைக் கொஞ்சம் நீட்டி விடுங்க பெரியம்மா, மணிக்கட்டுல நாடியைத் தொட்டுக்கிட்டே" என்றேன். ஈர்க்கைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தார். மூச்சு உள்ளே போகும்போது நாடி லேசாக ஓடும், வெளியே விடும்போது தணியும். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு மூச்சை விடுகிற நேரத்தில் தன் பிடியைக் கூட்டுவதால் வருவது. (வேகஸ் என்றால் லத்தீனில் அலைந்து திரிவது, வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) நாலைந்து மூச்சு. "ஆமாண்டா, மெதுவாகுது" என்றார். பிறகு கீரையை எடுத்துக்கொண்டார். பேசவில்லை. ஈர்க்கிலிருந்து இலையை உருவுகிற சத்தம் மட்டும்.

கொஞ்ச நேரம் கழித்து, "இதைத்தான் அதுல போட்டிருக்கானா?" என்றார். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளை எடுத்துவரச் சொன்னார். நான் பேனாவை எடுத்து 'நினைவாற்றலுடன்' என்று வந்த இடங்களையெல்லாம் அடித்து 'நினைவோடு' என்று திருத்தினேன். ஸ்கேனையும் அடித்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தார்.

"அப்ப வல்லாரையை நிறுத்திடலாமா?"

"நிறுத்திடலாம்."

"நல்லாத்தான்டா இருக்கு துவையல்" என்று எழுந்து உள்ளே போனார்.