வெயில் உச்சத்துல ஏசி ஓட்டுறீங்களா, ரிமோட்டை விட்டுட்டு அவுட்டோரை பாருங்க

வெயில் ஏற ஏற எனக்கு வர்ற போன் கால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். "16ல வச்சிருக்கேன், கூலிங்கே இல்ல, கேஸ் போயிருக்கும், வந்து ஃபில் பண்ணிடுங்க". போய் பாத்தா பெரும்பாலும் கேஸ் சரியாத்தான் இருக்கும், பிரச்சனை வெளிய மாட்டியிருக்குற யூனிட்ல இருக்கும், அதை மாட்டின நாள்ல இருந்து யாரும் எட்டிக்கூட பாத்திருக்க மாட்டாங்க.

ஏசி குளிரை தயாரிக்கிற மெஷின் இல்லைங்க. ரூம்ல இருக்குற சூட்டை எடுத்து வெளிய தள்ளுது, அவ்ளோதான். அப்படி தள்ளணும்னா அவுட்டோர் காயில்ல, அதாவது வெளி யூனிட்டுக்குள்ள வளைச்சு வச்ச குழாய்ல ஓடுற கேஸ், வெளிக்காத்தை விட 10, 15 டிகிரி கூடுதல் சூட்டுல இருக்கணும், அப்பதான் அந்த சூடு காத்துக்கு இறங்கும். வெளிய 35னா பரவால்ல, சமாளிச்சிடும். வெளிய 45னா கேஸ் 55, 60 டிகிரிக்கு போகணும், அதுக்கு கம்ப்ரசர் அவ்ளோ பிரஷர் ஏத்தணும், கரண்ட் கூட இழுக்கும், ஆனா கூலிங் குறையும். உங்களுக்கு கூலிங் ரொம்ப தேவைப்படுற நேரத்துலதான் மெஷினோட திறனும் கம்மியாகுது, இதை புரிஞ்சிக்கிட்டாலே பாதி கம்ப்ளைண்ட் இருக்காது.

ஏசில 1 டன்னு சொல்றது எடை இல்ல, கூலிங் திறன், சுமார் 3.5 கிலோவாட். அந்த கணக்கை எடுக்குறது எப்படின்னா, ஏசியை டெஸ்ட் பண்ற ஐஎஸ்ஓ 5151ங்கிற சர்வதேச ஸ்டாண்டர்ட்ல டி1 கண்டிஷன்னு ஒண்ணு இருக்கு, வெளிய 35 டிகிரி உள்ள 27 டிகிரி வச்சு டெஸ்ட் பண்ணுவாங்க. கடும் வெயில் ஏரியாவுக்கு டி3, அதுல வெளிய 46, உள்ள 29. டி1ல அளந்த ஒன்றரை டன் மெஷின் 45 டிகிரி வெயில்ல ஒன்றரை டன் வேலை செய்யாது, அது மெஷினோட குறை இல்ல. அதனால புதுசா வாங்கும்போது ஸ்டாரை மட்டும் பாக்காம, வெளிய எத்தனை டிகிரி வரைக்கும் ஓடும்னு ஸ்பெக் ஷீட்ல பாத்துட்டு வாங்குங்க.

16ல வச்சா சீக்கிரம் குளிரும்னு நினைக்கிறது தப்பு. பழைய நான் இன்வெர்ட்டர் மெஷின்ல 16 வச்சாலும் 24 வச்சாலும் கம்ப்ரசர் ஒரே வேகம்தான், வேகத்தை கூட்டி குறைக்கிற இன்வெர்ட்டர் ஏசிலயும் ரூம் கொதிச்சு கிடக்கும்போது எதை வச்சாலும் ஃபுல் ஸ்பீடுலதான் ஆரம்பிக்கும். அந்த நம்பர் எங்க போய் நிறுத்தணும்னு மட்டும்தான் சொல்லுது. உச்சி வெயில்ல 16ஐ தொடவே முடியாது, கம்ப்ரசர் ரெஸ்ட்டே இல்லாம ஓடிக்கிட்டே இருக்கும். 24ல இருந்து 26க்குள்ள வச்சு சீலிங் ஃபேனை மெதுவா சுத்த விடுங்க, ஸ்கிரீனை இழுத்து விட்டு வெயில் உள்ள விழாம பாருங்க.

இப்ப அவுட்டோர் விஷயத்துக்கு வரேன். நான் அடிக்கடி பாக்குறது இது: மூணு பக்கமும் சுவர் வச்ச சின்ன பால்கனி, முன்னாடி நெருக்கமா கிரில், அதுல காயப்போட்ட துணி, அந்த மூலையில அவுட்டோர். ஃபேன் தள்ளுற சூடான காத்து கிரில்லுல முட்டி திரும்ப காயிலுக்கு பின்னாடியே போயிடும். ஒரு தடவை தெருவுல 40 டிகிரி இருந்தப்போ காயிலுக்கு பின்னாடி தெர்மாமீட்டரை தொங்க விட்டேன், 50ஐ தாண்டிடுச்சு. அந்த மெஷினை பொறுத்தவரைக்கும் ஊர்ல 50 டிகிரி வெயில்! பிரஷர் எகிறி ட்ரிப் ஆகும், அதாவது தானா நின்னுடும், கொஞ்ச நேரம் ஆறி ஓடும், திரும்ப ட்ரிப் ஆகும். எனக்கு முன்னாடி வந்தவர் கேஸ் கம்மின்னு சொல்லி மேல மேல ஏத்திட்டு போயிருந்தார். ஏற்கனவே பிரஷர் தாங்காத மெஷின்ல கேஸை கூட ஏத்தினா என்ன ஆகும் சொல்லுங்க, அதை அளவுக்கு கொண்டு வந்து, துணியை எடுத்து, சூடு காத்து நேரா வெளிய போற மாதிரி யூனிட்டை கிரில்லை ஒட்டி முன்னாடி தள்ளி வச்சதும் அன்னைக்கே ட்ரிப் நின்னுடுச்சு.

சில பேர் அவுட்டோர் மேல ஈர சாக்கு போடுறாங்க, ஓடும்போதே பக்கெட்டுல தண்ணி ஊத்துறாங்க. தயவு செஞ்சு வேண்டாம். சாக்கு காத்தை அடைக்கும், தண்ணி ஒயர் டெர்மினல்ல இறங்கினா ஷாக்தான், உப்புத்தண்ணியா இருந்தா காயில்ல படிஞ்சு இறுகிடும். நிழல் வேணும்னா மேல தள்ளி ஒரு ஷீட் போடுங்க, காத்து வர்ற வழியும் போற வழியும் ஃப்ரீயா இருக்கணும்.

கேஸ் கம்மியான்னு சந்தேகமா? மெக்கானிக்கை கூப்பிடுறதுக்கு முன்னாடி ஃபில்டரை கழுவிட்டு, 20 நிமிஷம் ஓட விட்டு, இண்டோர் மேல காத்து உள்ள போற இடத்துலயும் கீழ வெளிய வர்ற இடத்துலயும் தெர்மாமீட்டர் வச்சு பாருங்க. வித்தியாசம் 8ல இருந்து 12 டிகிரி இருந்தா மெஷின் வேலை செய்யுது, ரூமுக்குள்ள சூடுதான் அதிகமா வருது. அதை விட ரொம்ப கம்மியா இருந்தாலோ, காயில்ல ஐஸ் கட்டினாலோ ஆஃப் பண்ணிட்டு கூப்பிடுங்க. கேஸ் தானா தீந்து போற பொருள் இல்ல, குறைஞ்சிருந்தா லீக் இருக்கு, லீக்கை அடைக்காம வருஷா வருஷம் டாப் அப் பண்றவர்கிட்ட கேள்வி கேளுங்க.

இன்னொண்ணு, இது உயிர் விஷயம். லீக் டெஸ்ட்டுக்கு நைட்ரஜன் மட்டும்தான் ஏத்தணும். கையில நைட்ரஜன் இல்லன்னு வெல்டிங் செட்ல இருக்குற ஆக்சிஜனை ஏத்தினா, கம்ப்ரசர் ஆயிலோட சேர்ந்து வெடிக்கும். சிலிண்டரை பாத்தா என்னன்னு கேட்க கூச்சப்படாதீங்க. இப்ப வர்ற ஆர் 32 கேஸ் ஓரளவு தீப்பிடிக்கும், ஆர் 290 அப்பட்டமான புரொப்பேன், அதனால சர்வீஸ் நடக்கும்போது ஜன்னல் கதவை திறந்து வைங்க, பக்கத்துல நெருப்பு ஆகாது.

கரண்ட் பக்கம் வந்தா, 230 வோல்ட் வர வேண்டிய இடத்துல 180 வந்தா கம்ப்ரசர் திணறும், அதோட மோட்டார் வைண்டிங் சூடாகும், அங்க நல்ல ஸ்டெபிலைசர் வேணும். கரண்ட் போய் வந்தா 3 நிமிஷம் கழிச்சு போடுங்க, உள்ள பிரஷர் சமமாகணும், நிறைய மெஷின்ல இந்த டிலே உள்ளயே இருக்கு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஏசி ஓட்டவே கூடாது. ஓடிட்டிருக்குற ஏசியோட பிளக்கை புறங்கையால லேசா தொட்டுப் பாருங்க, சுடுதுன்னா, இல்ல சாக்கெட் பழுப்பா மாறியிருந்தா, மெயின் போர்டுல இருக்குற எம்சிபி சுவிட்சை இறக்கிட்டு எலக்ட்ரீஷியன் வர்ற வரைக்கும் போடாதீங்க.

கடல் பக்கம் இருந்தா உப்பு, காயில் மேல இருக்குற மெல்லிசு தகடான ஃபின்னை அரிச்சிடும், மெயின் ஆஃப் பண்ணிட்டு அடிக்கடி நல்ல தண்ணியில கழுவணும். புழுதிக்காத்து அடிச்ச பிறகும் அப்படித்தான். வெயில் இல்லாம வெறும் புழுக்கமா இருந்தா ஈரப்பதத்தை எடுக்குற டிரை மோட் போதும். இடி மின்னலுக்கு பிளக்கை கழட்டிடுங்க. அவுட்டோர் வெள்ளத்துல முங்கியிருந்தா, வெளிய பாக்க காஞ்சிருந்தாலும் சுவிட்சை போடாதீங்க, உள்ள பிரிச்சு பாத்து மெக்கானிக் ஓகே சொல்லட்டும்.