கோளாறாகப் பிறந்த குமிழி

இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில், ஒயின் நிலவறைக்குள் இறங்கும் தொழிலாளர்கள் முகத்துக்கு இரும்புக் கவசம் மாட்டிக்கொள்வார்கள். உள்ளே பயப்பட வேண்டியது பாட்டில்களுக்குத்தான். ஒன்று படாரென்று வெடிக்கும். அதன் சில்லு பட்டு அடுத்தது வெடிக்கும். அப்புறம் வரிசையே போய்விடும். மோசமான ஆண்டுகளில் அடுக்கி வைத்த சரக்கில் பாதிக்கு மேல் தரையில் ஓடியதும் உண்டு.

வெடிக்க வைத்தது ஈஸ்ட். திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளிவிடும் நுண்ணுயிர் அது. இட்லி மாவு இரவில் பொங்கி மூடியைத் தள்ளுவதும் இதே வாயுவால்தான். அங்கே வேலை பார்ப்பது பெரும்பாலும் பாக்டீரியா. மாவுப் பாத்திரத்தில் வாயு வெளியேற வழி இருக்கிறது. தக்கை வைத்து இறுக்கிய பாட்டிலில் இல்லை.

எல்லா ஊர் ஒயினிலும் ஈஸ்ட் இருக்கும்போது ஷாம்பெயினில் மட்டும் ஏன் இந்தத் தொல்லை? ஊர் வடக்கே இருப்பதுதான் காரணம். அறுவடை முடிந்து சாறு நொதிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளில் குளிர் வந்துவிடும். சர்க்கரை மிச்சம் இருக்கும்போதே ஈஸ்ட் தூங்கிவிடும். ஒயின் ஆகிவிட்டது என்று நம்பி பாட்டிலில் அடைப்பார்கள். வசந்தத்தில் வெயில் ஏறியதும் அது எழுந்து மிச்சச் சாப்பாட்டில் கை வைக்கும்.

அடைபட்ட வாயு ஒயினில் கரைந்து, திறந்ததும் குமிழியாகப் பொங்கும். ஊர்ப் பெயரையே தாங்கிய ஷாம்பெயின் ஒயினுக்கு இன்று அதுதான் அடையாளம். இந்தக் குமிழியைக் கண்டுபிடித்தவர் டோம் பெரிஞோன் என்ற துறவி என்று சொல்வார்கள். 'நான் நட்சத்திரங்களைப் பருகுகிறேன்' என்று அவர் கூவியதாகவும் சொல்வார்கள். அந்த வசனம் பிற்கால விளம்பரக்காரர்களின் கைவண்ணம். 1668 முதல் 1715-இல் இறக்கும்வரை ஓவில்லேர் மடத்தின் நிலவறைப் பொறுப்பில் இருந்த அந்த மனிதர், குமிழி வராமல் தடுக்கத்தான் மெனக்கெட்டார். பல தோட்டத்துத் திராட்சைகளை அளவறிந்து கலப்பதில் அவர் கெட்டிக்காரர். அந்தப் பெருமை அவருக்குச் சேர வேண்டியதே.

அவர் மடத்துப் பொறுப்புக்கு வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1662-இல், கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர் ராயல் சொசைட்டி என்ற லண்டன் அறிவியல் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். ஒயின் துள்ள வேண்டும் என்பதற்காக வியாபாரிகள் அதில் சர்க்கரையும் வெல்லப்பாகும் சேர்க்கிறார்கள் என்று அதில் பதிவு செய்தார். இங்கிலாந்தில் இது நடந்ததற்கு ஒரு விறகுக் கதை உண்டு. கப்பல் கட்ட மரம் வேண்டும் என்று 1615-இல் அந்நாட்டு அரசர் கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கத் தடை போட்டார். உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். சூடு கூடியது, கண்ணாடி கெட்டியானது. வாயுவின் அழுத்தத்தைத் தாங்கும் பாட்டில் அவர்களிடம்தான் முதலில் இருந்தது.

அழுத்தம் என்றால் எவ்வளவு? லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் பாட்டிலுக்குள் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். இன்று குமிழி வர வேண்டும் என்றே பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு 24 கிராம் சேர்க்கிறார்கள். ஆறு வளிமண்டலம் வருகிறது. கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தக் காலத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது, எல்லாம் குத்துமதிப்புதான். 1830-களில் ஷாலோன் நகரத்து மருந்தாளுநர் ழான்-பாப்டிஸ்ட் பிரான்சுவா ஒயினில் மிச்சமிருக்கும் சர்க்கரையை அளந்து, எவ்வளவு சேர்க்கலாம் என்று சொல்லும் முறையைக் கொடுத்தார். அதன்பின் வெடிப்பது வெகுவாகக் குறைந்தது. துறவிக்குச் சிலை இருக்கிறது. மருந்துக்கடைக்காரரை எத்தனை பேருக்குத் தெரியும்!

சரி, பாட்டில் தப்பியது. வேலை முடித்துச் செத்த ஈஸ்ட் உள்ளேயே கிடந்து ஒயினைக் கலங்கடிக்குமே? வேறு பாட்டிலுக்கு ஊற்றினால் வாயு போய்விடும். இங்கேதான் பார்ப்-நிக்கோல் போன்சார்டின் வருகிறார். 1805-இல் ஒயின் வியாபாரியான கணவர் பிரான்சுவா கிளிக்கோ இறந்தபோது அவருக்கு வயது 27. கணவனுள்ள பெண் தன் பெயரில் வியாபாரம் நடத்த அவன் அனுமதி வேண்டும் என்றது நெப்போலியன் சட்டம். விதவைக்கு அந்தக் கட்டு இல்லை. 'வேவ் கிளிக்கோ' என்று இன்றும் பாட்டிலில் இருக்கும் பெயருக்கு 'விதவை கிளிக்கோ' என்றே பொருள்.

1816 வாக்கில் அவர் தன் சமையலறை மேசையில் துளை போட்டுப் பாட்டில்களைத் தலைகீழாகச் செருகச் சொன்னதாகக் கதை. அந்த முறை நிலைத்துவிட்டது: தினமும் ஒரு சிறு குலுக்கு, கொஞ்சம் திருப்பு, இன்னும் கொஞ்சம் தலைகீழாகச் சாய்ப்பு. ஆறேழு வாரத்தில் வண்டல் முழுவதும் சரிந்து கழுத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அடைப்பைத் திறந்ததும் வாயுவே அதை வெளியே துப்பும். இப்போது கழுத்தை மட்டும் உறைய வைத்துத் திறக்கிறார்கள், வண்டல் பனிக்கட்டியாகத் தெறிக்கிறது. குலுக்கும் வேலையைப் பெரும்பாலும் இயந்திரம் ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறது. இழந்த ஒயினுக்கு ஈடாகக் கொஞ்சம் இனிப்புக் கலவை ஊற்றி, தக்கை அடைத்து, கம்பி கட்டுவார்கள்.

அந்தக் 'கொஞ்சம்' ஒரு காலத்தில் கொஞ்சமாக இல்லை. 2010-இல் பால்டிக் கடலில் ஓலாந்து தீவுகளுக்கு அருகே, மூழ்கிய கப்பலொன்றிலிருந்து சுமார் 170 ஆண்டுப் பழைய ஷாம்பெயின் பாட்டில்கள் 168 கிடைத்தன. கிளிக்கோ பாட்டில்களும் அவற்றில் உண்டு. பரிசோதித்தபோது லிட்டருக்கு ஏறக்குறைய 150 கிராம் சர்க்கரை. இன்று 'ப்ரூட்' எனப்படும் இனிப்புக் குறைந்த வகையில் 12 கிராமுக்குள்தான். அன்றைக்கு ஷாம்பெயின் கிட்டத்தட்ட பாயசம்!

கோப்பையில் ஊற்றிய பிறகு சரசரவென்று மேலேறும் குமிழிச் சரமும் ஒரு கோளாறுதான். ஒயினில் கரைந்திருக்கும் வாயு தானாகக் குமிழியாகாது; தொற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். ரெய்ம்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார் லிஷே-பெலேர் அதிவேகக் கேமராவில் பார்த்தபோது அந்த இடம் பெரும்பாலும் தூசு: காற்றிலிருந்தோ துடைத்த துணியிலிருந்தோ ஒட்டிய நுண்ணிய செல்லுலோஸ் இழை. இழை உள்ளே வெற்றுக்குழல். ஊற்றும்போது அதற்குள் துளிக் காற்று சிக்கிக்கொள்கிறது. வாயு அதில் சேர்ந்து பருத்து, ஒரு குமிழி பிய்த்துக்கொண்டு போகும். மிச்சக் காற்று அடுத்ததைத் தயார் செய்யும். வினாடிக்கு 30 குமிழிகள் வரைகூட.

தூசோ கீறலோ துளியும் இல்லாத கோப்பையில் ஊற்றினால் குமிழிச் சரமே எழாது. அதனால் கண்ணாடி செய்பவர்களில் சிலர் இப்போது கோப்பையின் அடியில் லேசரால் வேண்டுமென்றே கீறி விற்கிறார்கள்.